இரும்புலியூர் வீட்டில் நான் சொல்லாமல் விட்ட ஓட்டை

போன மாதம் எங்கள் கம்பெனி பசை அட்டையை நிறுத்திவிட்டது. எலி ஓடும் வழியில் வைத்தால் காலும் வயிறும் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்து சாகுமே, அந்த அட்டையைத்தான் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. அட்டை இல்லாமல் எப்படி வேலை செய்வது என்று புதிய ஆட்கள் கேட்கப்போக, இப்போது தாம்பரம் கிளைக்குச் சூப்பர்வைசராக இருக்கும் வசந்தி எல்லாரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள். அதை ஒருவர் செல்போனில் பிடித்துக் குழுவில் போட்டார்.

இரும்புலியூரில் ஒரு வீட்டில், மருந்தும் அட்டையும் இல்லாமல், எலி வரும் வழியைக் கண்டுபிடித்த கதையை அதில் சொல்கிறாள். "நானும் காதர் அண்ணனும் சேந்துதான் அந்த வூட்ட முடிச்சோம்" என்கிறாள். கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். ஒருவர் மட்டும், "காதர் சார், உங்க பக்கத்து அனுபவத்தையும் எழுதுங்க" என்று கேட்டிருந்தார்.

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். இவ்வளவு நன்றாகப் பேச எங்கே கற்றாள் என்று வயிறு எரிந்தது. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டும். வெட்கப்படுகிறேன், ஆனாலும் எரிந்தது. அந்த வீட்டை நாங்கள் சேர்ந்து முடிக்கவில்லை. என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

என் அத்தா பல்லாவரத்தில் தோல் மண்டியில் வேலை பார்த்தார். உப்புப் போட்டு அடுக்கிய தோலை எலி ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வரும். பத்தாவது முடித்துவிட்டு நானும் அங்கேதான் போனேன். எலி விரட்டுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் கம்பிக் கூண்டு வாங்கிவந்து வைப்பேன். மண்டி மூடியபின் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். கரப்பான், கரையான், எலி என்று மூன்றுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நான் எலிக்கே நின்றுவிட்டேன். கரப்பானுக்கு மருந்து அடித்தால் போதும். எலிக்கு யோசிக்க வேண்டும்.

யோசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் சம்பத் சார். எங்கள் சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்கு முதல் முறை போகும்போது கூண்டையும் மருந்தையும் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் வீட்டைச் சுற்றி வெளியே ஒரு நடை. பிறகு உள்ளே, சுவர் ஓரமாக, ஓர் அறை விடாமல். எலி நடு அறையில் நடக்காது. மீசை சுவரில் உரசிக்கொண்டு ஓரமாகவே போகும். தினமும் அதே வழியில் போவதால் சுவரில் அழுக்கெண்ணெய் தடவியதுபோல ஒரு கறை விழும். புழுக்கை அரிசியளவு இருந்தால் சுண்டெலி. அதைவிடப் பெரிதாக, இரண்டு முனையும் கூர்ந்திருந்தால் வீட்டெலி. மூஞ்சூறைப் பார்த்துவிட்டு எலி என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அது பூச்சி தின்று பிழைப்பது, விட்டுவிட வேண்டும்.

ஓட்டையோ கறையோ எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் சின்னதாக அடையாளம் போட வேண்டும். ஆளுக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் எண். என்னுடையது 'கா'. கா 1, கா 2 என்று போட்டுக்கொண்டே போவேன். பிறகு ஆபீசுக்கு வந்து அந்த வீட்டைத் தாளில் வரைந்து, எண்களைக் குறித்து, சார் முன்னால் வைக்க வேண்டும்.

அவர் தாளைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொடுவார். "இங்கேருந்து இங்க எப்படிப் போச்சு?" என்பார். தெரியவில்லை என்றால், "போய்ப் பாத்துட்டு வா காதர்" என்பார். திட்ட மாட்டார். புகழவும் மாட்டார். சரியாக இருந்தால் "ம்" என்று ஃபைலில் போடுவார். பதினான்கு வருடம் அந்த 'ம்'முக்காக உழைத்தேன். யாருக்கும் அதற்கு மேல் கிடைக்காது என்பதால் எனக்குக் குறையாகவும் படவில்லை.

அப்புறம் வசந்தி வந்தாள்.

கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கணவர் கடலில் போய்விட்டார். தலையில் கூடை வைத்து ஈஸ்ட் தாம்பரம்வரை மீன் விற்றவள். முதுகு வலி தாங்காமல் எங்கள் ஆபீசைக் கூட்டிப் பெருக்க வந்தாள். அப்போது முப்பது வயதிருக்கும். ஒரு நாள் நான் சேலையூர் அபார்ட்மெண்ட் ஒன்றின் படத்தைச் சாரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு நின்று பார்த்தவள், "இது மேலேருந்து எறங்குது சார். கேபிள் ஒயரப் புட்சிகினு வருது" என்றாள். சார் தாளை இன்னொரு தரம் பார்த்தார். என்னைப் பார்த்து, "போய்ப் பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்தேன். கேபிள் ஒயரில்தான் கறை இருந்தது.

அடுத்த மாதமே அவளுக்குச் சீருடை கொடுத்தார்கள்.

அவள் முதல்முதலாக வரைந்த தாள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கோடு எதுவும் நேராக இல்லை. வாசற்படியை மீன் மாதிரி வரைந்திருந்தாள். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஃபைலில் போடவில்லை, 'ம்' என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திமாவிடம் சொன்னேன். என் மனைவி சிரித்துவிட்டு, "ஒரு காகிதத்துக்கா இப்படி மூஞ்ச வச்சிருக்கீங்க" என்றாள். காகிதம்தான். ஆனால் என்னுடையது எதையும் அவர் மடித்து வைத்துக்கொண்டதில்லை.

வாடிக்கையாளர்களும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். எலி பெரும்பாலும் சமையலறையிலும் பூஜை அறையிலும்தான் இருக்கும். நான் போனால் சில வீடுகளில், "பாய், நீங்க ஹால்ல பாத்துக்கோங்க, உள்ளே நான் பாத்து சொல்றேன்" என்பார்கள். வசந்திக்கு அரிசி டப்பாவரை திறந்து காட்டுவார்கள். அது நியாயமில்லை என்று நான் குமைந்தது உண்மை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. ஏனென்றால் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறை. அங்கே பூஜை அறையும் இல்லை, சமையலறையும் இல்லை. மெஷின் ஒயரைக் கடித்த எலிகளைப் பத்து நாள் உழைத்து ஒழித்தது நான். அடுத்த வருடம் அந்த முதலாளி போன் செய்து, "அந்த அம்மாவை அனுப்புவீங்களா? நல்லா பண்ணுவாங்கன்னு சொல்றாங்க" என்று கேட்டார். யாரிடம் கேள்விப்பட்டாரோ தெரியாது. அந்த இடத்தில் என் வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இரும்புலியூர் வீடு அதற்குப் பிந்தைய கோடையில் வந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீடு. கணேசன் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சரோஜா அம்மா. பிள்ளைகள் வெளிநாட்டில். சாருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது படுக்கை விரிப்பில் ரத்தம். இடது கால் பெருவிரலின் நுனியில் தோல் போயிருந்தது. வலிக்கவில்லை என்பதால் எப்போது நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. செருப்புக் கடி என்று கட்டுப் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அதே விரல், அதே ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, "இது எலிக் கடி. புண் உள்ளே போச்சுன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் போனது நான். முறைப்படி செய்தேன். வீட்டைச் சுற்றினேன், ஆறு இடத்தில் அடையாளம் போட்டேன், படம் வரைந்தேன். கிடைத்தவை எல்லாம் சுண்டெலிப் புழுக்கைதான். கூண்டும் அட்டையும் வைத்து மூன்று சுண்டெலி பிடித்தேன். அந்த ஆறு ஓட்டையையும் அடைத்தேன். ஒரு வாரம் ஓர் அசைவும் இல்லை.

கடைசி நாள் சரோஜா அம்மா வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கை கழுவப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போனேன். அன்று மெக்கானிக் வந்து வாஷிங் மெஷினைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அத்தனை நாளும் அது சுவரை ஒட்டி நின்றதால் அதன் பின்னால் நான் பார்த்ததில்லை. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பெரிய ஓட்டை. பழந்துணி அடைத்திருந்தார்கள். துணி பாதி வெளியே இழுபட்டிருந்தது. ஓட்டையின் விளிம்பில் கறை, பளபளவென்று. சுண்டெலி அப்படிக் கறை வைக்காது. அது பெரியது.

கை பழக்கத்தில் சாக்பீஸை எடுத்து 'கா 7' என்று போட்டேன். அடைக்கச் சிமெண்ட் கையில் இல்லை. கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து ஐந்து நிமிடத்தில் பூசிவிடலாம், இதைப் போய் இப்போது சொல்லுவானேன் என்று கிளம்பிவிட்டேன். மெக்கானிக் வேலை முடித்து மெஷினைத் திரும்பத் தள்ளிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை வருவதற்குள் ஞாயிறு காலையில் கணேசன் சாருக்கு மறுபடி கடி விழுந்தது.

ஆபீசில் சம்பத் சார் என்னையும் வசந்தியையும் கூப்பிட்டார். "இரும்புலியூரை வசந்தி பாக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். குற்றமாக ஒரு சொல் இல்லை. என் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இதுல இல்லாதது வேற ஏதாவது பாத்தியா காதர்?"

அந்த ஏழாவது எண் நினைவுக்கு வந்தது. சொன்னால், பார்த்தும் ஏன் அடைக்காமல் வந்தாய் என்று கேட்பார். அந்தப் பயம் இருந்தது. ஆனால் என் வாயை அடைத்தது அந்தப் பயம் இல்லை. வசந்தி என் தாளை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கண்டுபிடித்ததை இவள் கையில் கொடுத்து, இவள் போய் மெஷினை நகர்த்தி, அதை அவர் மடித்துப் பைக்குள் வைப்பதா என்று நினைத்தேன். இவளும் ஒரு வாரம் அலைந்து வெறுங்கையோடு திரும்பட்டும். பிறகு நான் போய் முடிக்கிறேன்.

"இல்ல சார். எல்லாம் அதுலயே இருக்கு."

என்னிடம் எத்தனையோ தவறு உண்டு. ஆனால் யோசித்து, வார்த்தையைத் தேர்ந்து செய்த தவறு இது ஒன்றுதான்.

முதல் நாள் அவள் வெறுங்கையோடுதான் போனாள். கணேசன் சாருக்குக் கொசுவலை கட்டி நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் சொருகச் சொன்னாள். படுக்கை அறையிலிருந்து சமையலறைவரை சுவரோரம் கோலப்பொடி தூவினாள். கல்மாவுப் பொடி. அரிசி மாவு போட்டால் எலி தின்றுவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்க் கால்தடத்தைப் பார்த்தாள். ஆபீசுக்கு வந்து, "இது சுண்டெலி இல்லண்ணா. பெருசு. பெட்ரூம்லேருந்து கிச்சன் வழியா துணி தொவைக்கிற எடத்துக்குப் போவுது. அங்க தரை ஈரமா கீது, தடம் நின்னுபூடுது. அப்பால எங்க போவுதுன்னு தெர்ல. நீங்க அங்க பாத்தீங்களா?" என்று என்னையே கேட்டாள்.

இரண்டாவது முறையும் எனக்கு வாய்ப்பு வந்தது.

"தரையில தண்ணி போற குழி இருக்கு. அதப் பாரு" என்றேன்.

அந்தக் குழிக்கு வலை போட்டாள். அங்கே எலி வரும் வழியே இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு நாள் ஆனது. நான்காவது நாள் விடியற்காலை பாத்ரூம் போய்வந்த கணேசன் சார் கொசுவலையைச் சரியாகச் சொருகாமல் படுத்துவிட்டார். காலையில் சரோஜா அம்மா பார்த்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் அந்தப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி ஆபீசுக்கு வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வசந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். "என்னால்தாண்ணா. நாலு நாளா தேடிகினே கீறேன்" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. இனிமேல் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் அதற்குள் உண்மையாகவே வந்துவிட்டது.

அன்று சாயந்தரம் அவள் தன் ஊர்ப் பழக்கத்தைக் கையில் எடுத்தாள். கடற்கரையில் காயப்போட்ட கருவாட்டை எலி இழுத்துப் போகும். எந்த வளையில் இருக்கிறது என்று பார்க்க, கருவாட்டுத் தலையில் நீளமான கறுப்பு நூலைக் கட்டி விட்டுவிடுவார்களாம். அதையே இங்கே செய்தாள். நூல்கண்டைச் சமையலறை மேடையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, நூலு வாஷிங் மெஷினு பின்னாடி போவுது. என்னால நவுத்த முடியல. கொஞ்சம் கை குடுக்க வாங்க. சம்பத் சாருக்கும் சொல்லிட்டேன், வந்துகினு கீறாரு."

வண்டியில் போகும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் கண்ணில் நின்றது. அடையாளத்தை அழிக்க வழியில்லை. போகாமல் இருக்கவும் முடியாது. போனேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மெஷினை இழுத்தோம். கறுப்பு நூல் தரையிலிருந்து ஏறி ஓட்டைக்குள் போயிருந்தது. அதற்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெள்ளையாக 'கா 7'.

வசந்தி அதைப் படித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு கணக்கு ஒத்துவராதபோது பார்ப்பதுபோலப் பார்த்தாள். வாசலில் சம்பத் சாருடைய பைக் நிற்கும் சத்தம் கேட்டது. அவள் குழாயைத் திறந்து கையை நனைத்தாள். சுவரில் இரண்டு முறை அழுத்தித் துடைத்தாள். சார் உள்ளே வந்தபோது சுவரில் ஈரம் மட்டும் இருந்தது.

சார் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "அடைச்சிடு காதர்" என்றார். அவள் ஓட்டை வாயில் கூண்டு வைத்து இரண்டு இரவில் இரண்டு பெரிய எலியை எடுத்தபின், இரும்பு நாரைத் திணித்து, கம்பி வலை வைத்து, கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டை அப்பினேன். ஒரு மாதம் கோலப்பொடி தூவிப் பார்த்தோம். ஒரு தடமும் இல்லை. அந்த வீட்டுக்கு அவள் வரைந்த தாளும் சாரின் பைக்குள் போயிற்று.

சம்பத் சார் ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வசந்தி வந்தாள். ஆறு வருடம் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். மற்றவர்கள் மேடம் என்றார்கள். நான் 'வசந்தி' என்றும் கூப்பிடாமல், 'மேடம்' என்றும் கூப்பிடாமல், "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்" என்றே ஆறு வருடத்தை ஓட்டினேன். அவள் ஒரு நாளும் அந்தச் சுவரைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் என்னைத் தின்றது. வேலையில் என்னைத் தாண்டிவிட்டாள், சரி. குணத்திலும் தாண்டிவிட்டாளே என்று இருந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டு வாயே திறக்காமல் இருக்கிறாள், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டுக்கொள்வேன். பதில் தெரிந்ததால் இன்னும் எரியும்.

இதுவரை எழுதிவிட்டு, குழுவில் போடுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"அண்ணா, அந்த எழுத்த நான் ஏன் அழிச்சேன்னு நெனச்சிகினு கீறீங்க?"

"என்னைக் காப்பாத்தத்தான்."

"அதெல்லாம் இல்ல. சார் அதப் பாத்தா இன்னா சொல்வாரு? காதர் மொதல்லயே புடிச்சிட்டான், நீ அஞ்சு நாள் தேடினியேன்னு சொல்வாரு. பேரு உங்களுக்குப் பூடும்னுதான் அழிச்சேன். நீங்க மாட்டிக்குவீங்கன்றது எனக்கு அப்பாலதான் தோணுச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாது. நான் எங்க ஓட்டை அடச்சாலும் சார் வந்து தட்டிப் பாத்துட்டு, காதர் கை மாதிரி வரலையேம்பாரு. எத்தினி வருஷம். உங்க பேரக் கேட்டாலே எனக்குப் பேஜாரா இருக்கும்."

சம்பத் சார் என் கையைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. இனி போய்க் கேட்கவும் முடியாது.

"குழுவுல போடுங்க. நான் அழிச்சதையும் போடுங்க" என்றாள் வசந்தி. "ஆனா, அவங்களுக்குச் சொல்லாம பசங்களுக்குச் சொன்னா நல்லா இருக்குமா அண்ணா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் இரும்புலியூர் போனோம். கணேசன் சாருக்கு எண்பது நெருங்குகிறது. முன்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். சரோஜா அம்மா வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். நான் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அடையாளத்தை அழித்ததை வசந்தி சொன்னாள்.

சார் நீண்ட நேரம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏழாவதுன்னு போட்டது எந்தக் கிழமை?"

"வெள்ளிக்கிழமை சார்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே ஒரு செங்கல்ல வச்சி அடைச்சிருப்பேன்."

"ஆமா சார்."

"அதுக்கப்புறம் உங்க சார் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

"இவங்க தோத்துப் போகணும்னு சார்."

அவர் வசந்தியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். புரியாத கணக்கைப் பிள்ளை எழுதிக் கொண்டுவந்தால் வாத்தியார் பார்ப்பாரே, அப்படி. பிறகு முகம் மாறிவிட்டது. "பாய், நீங்க கிளம்புங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். வசந்தியும் எழுந்தாள். "நீ இரும்மா" என்றார் சரோஜா அம்மா.

நான் வெளியே வந்து கேட்டுக்கு அருகே வெயிலில் நின்றேன். அவர் சொன்னது சரி. என்னை அடித்திருந்தாலும் சரிதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்த நினைப்போடு கூடவே, காது உள்ளே போய்விட்டது. சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம், டம்ளர் சத்தம். அவளும்தானே அழித்தாள், அவளை மட்டும் உட்காரவைத்திருக்கிறார்களே என்று மனது போயிற்று. இருபது நிமிடம் கழித்து வசந்தி வந்தாள். கண் சிவந்திருந்தது. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தோம். பாதித் தெரு போனபின் என்னால் அடக்க முடியவில்லை.

"காபி குடுத்தாங்களா, மேடம்?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"குடுத்தாங்கண்ணா" என்றாள். "சக்கரையே போடல."